குமிழி இல்லாத மூன்று பாட்டில்கள்

ட்ரிங்... ட்ரிங்...

பெட்ரோல் பங்க் முதலாளி போனை எடுத்தார். மறுமுனையில் மச்சான். மனைவியின் தம்பி, தண்ணீர் சோதிக்கும் லேபில் வேன் டிரைவர்.

"மாமா, கிணத்துத் தண்ணி சாம்பிள் என் வண்டியிலதான் இருக்கு. லேப் மேடம் ஆட்டோவுல முன்னாடி போயிட்டாங்க. வரட்டுமா?"

"பறந்து வா."

விஷயம் இதுதான். பங்குக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில், கிணற்றுப் பக்கம் பெட்ரோல் வாடை அடிப்பதாகப் புகார். பங்கின் நிலத்தடி டேங்க் ஒழுகுகிறது என்று சோதனையில் தெரிந்தால்...

பங்குக்கு சீல்! இருபது வருஷப் பிழைப்பு அம்போ!



வேன் வந்தது. ஐஸ் பெட்டிக்குள் விரல் நீளத்தில் மூன்று கண்ணாடி பாட்டில்கள்.

ஒரு காருக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்த முதலாளி, அதே கையோடு பம்ப் ஓரமாகக் குந்தினார். மூன்றையும் சாக்கடையில் கவிழ்த்தார். கடையில் வாங்கிய மினரல் வாட்டரைத் திறந்து ஊற்றினார்.

"மாமா, ஒரு குமிழிகூட இருக்கக் கூடாது. மேடம் தலைகீழாப் பிடிச்சுப் பார்ப்பாங்க."

தளும்பத் தளும்ப நிரப்பி, மூடி, கவிழ்த்துப் பார்த்தார். குமிழியே இல்லை. அடடா, என்ன நேர்த்தி! தன் முதுகில் தானே தட்டிக்கொள்ளாத குறை.

மறுநாள் லேபிலிருந்து அழைப்பு. சிரித்த முகமாகப் போனார்.

மேடம் எதிரே இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார்.

"பெட்ரோல்ல வர்ற பென்சீன் இருக்கு சார்," என்றார் மேடம். "குடிக்கிற தண்ணியில இருக்கக்கூடிய அளவைவிட ஆறு மடங்கு."

"எப்படிங்க இருக்கும்? புது மினரல் வாட்டரைத் திறந்து நானே ஊத்தி..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எங்கே வைத்து ஊற்றினீர்கள் என்று மேடம் சாவகாசமாகக் கேட்டார். பம்ப் ஓரம் என்று முனகினார் முதலாளி.

"அப்புறம் என்ன சார்? கையில பெட்ரோல், காத்துல பெட்ரோல். எங்க மெஷினுக்கு இத்துனூண்டு போதும்."

"அப்ப... கிணத்துத் தண்ணி?"

"டிரைவர்கிட்ட ஒரு செட்தான் குடுப்பேன். இன்னொரு செட் எப்பவும் என்கூடவே வரும். அதுல ஒண்ணுமே இல்ல. உங்க டேங்க் ஒழுகவே இல்ல சார். வாடை அந்தக் குடியிருப்போட பெட்ரோல் ஜெனரேட்டர்லேர்ந்து வருது."

முதலாளிக்கு அழுகை முட்டியது. சும்மா இருந்திருந்தாலே தப்பித்திருப்பார்!

சாம்பிளை மாற்றியதற்குத் தனியாகக் கேஸ் உண்டு என்றார் இன்ஸ்பெக்டர். மச்சானை ஏற்கெனவே ஜீப்பில் ஏற்றியாகிவிட்டதாம்.

"கொஞ்சம்... தண்ணி..." என்றார் முதலாளி.

இன்ஸ்பெக்டர் மேடம் பக்கம் திரும்பினார்.

"கிணத்துத் தண்ணியே குடுங்க மேடம். இவர் ஊத்தினது உடம்புக்கு ஆகாது."