நலத்தூணின் வீணை

செவ்வாயின் ஏழாம் குடில் வரிசையில் தண்ணீர் வேண்டுமானால் முதலில் நலத்தூணுக்கு உடம்பைக் காட்ட வேண்டும். குடத்தோடு முன்னால் நின்றால் போதும். ஊடுகதிர் ஒரு நொடியில் உச்சி முதல் பாதம்வரை துழாவிவிடும். பிறகு தூண் சோதனை முடிவை ஊருக்கே கேட்கிற குரலில் சொல்லும். அதிகாரிகளுக்கு ஆளுக்கொரு அறை, தனித்திரை. சூரியத்தகடு துடைக்கும் பெண்களுக்கு வரிசைக்கு ஒரே தூண்.

தோழி இசக்கிக்குச் சர்க்கரை ஏறியதை வீடுவீடாகக் கொண்டுபோனவள், அவளோடு தகடு துடைக்கும் சந்தனமேரிதான். ஆனால் யாரோ ஒருத்தியின் கருப்பையைப் பற்றி, மாமனார் நிற்கும்போதே தூண் உளறியதும் அவளுக்கே பொறுக்கவில்லை. "தனி அறை கொடுங்கள், இல்லாவிட்டால் அதன் வாயை மூடுங்கள்" என்று மனு எழுதி வரிசை முழுக்கக் கையெழுத்து வாங்கினாள். நிர்வாகம் யோசிக்கவே இல்லை. வாயை மூட நாணத்திரை என்ற ஒலித்தடுப்பைப் பொருத்திவிட்டது.

அன்றிலிருந்து எட்டு மாதமாக, அவள் நின்றால் மட்டும் தூண் கடைசியில் வீணை வாசிக்கிறது.

"எனக்குன்னு கச்சேரியே வைக்குதுட்டி!" என்று இசக்கியிடம் பீற்றிக்கொள்வாள்.

மூன்று வாரமாக அந்தப் பீற்றலில் சுருதி இல்லை. மாதவிலக்கு நின்று நாலு வருடமான உடம்பில் மறுபடி இரத்தம். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு சந்தனமேரி எங்காவது இருப்பாளே! காலையில் வீணை கேட்கும், மனசு ஆறும்.

குழாயையும் தூணையும் பழுதுபார்க்க வந்த நிறைமதி ஒருநாள் அந்த வீணைக்குக் காதைக் கொடுத்தாள்.

"யக்கா, இது எத்தன நாளா வாசிக்குது?"

"எட்டு மாசமா. ஏன், பொறாமையா?"

"இது பாராட்டு இல்லக்கா. சொல்லக் கூடாத இடத்தப் பத்தி அது சொல்ல வரும்போது, நாணத்திரை மேல போடுற சத்தம்."

குடம் நழுவியது. செவ்வாயில் எதுவும் மெதுவாகத்தான் விழும். அப்படியும் அவள் பிடிக்கவில்லை.

"என்ன சொல்ல வருதாம்?"

"அடுத்தவங்க முடிவ நான் பாக்கக் கூடாதுன்னு விதி. திரைய எடுத்துடுறேன், நீங்களே கேளுங்க."

சந்தனமேரி திரும்பிப் பார்த்தாள். வரிசையில் அடுத்து நின்றவர் சம்பந்தி அதிசயராஜ். அதற்குள் நிறைமதி திரையைக் கழற்றிவிட்டாள்.

"சந்தனமேரி, உன் கருப்பை வாயில்—" என்று தூண் முழங்கியது.

பாய்ந்து உள்ளங்கையால் ஒலிபெருக்கியைப் பொத்தினாள்.

"—இன்னும் குணப்படுத்தலாம், ஆனால் இந்த வாரமே—" என்று விரலிடுக்கில் கசிந்தது.

"யக்கா, கைய எடுங்க! கேளுங்க!"

அவள் எடுக்கவில்லை. அந்த வீணை மெட்டைத் தானே உரக்கப் பாட ஆரம்பித்தாள். தோழியின் மானம் போகக்கூடாதே என்று பின்னாலிருந்து இசக்கி குடத்தில் தாளம் போட்டாள்.