மூன்றாம் பாகம் அடுத்த மாதம் வரும்

லமீஸ் முதல் தடவையாக எங்கள் நூலகத்துப் படியேறி வந்தபோது மணி மூன்றரை. டிசம்பர் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் போய் அரை மணி நேரமாகியிருந்தது. பெய்ரூட்டுக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் எங்கள் சைதாவில் கரண்ட் போவதெல்லாம் ஒரு செய்தியா? வந்தால்தான் செய்தி. தெரு ஜெனரேட்டர்காரன் நாலு மணிக்குத்தான் போடுவான். அதுவரை அந்தப் பழைய கல் வீட்டில், வளைவு ஜன்னல் வழியாகக் கடல் பக்கத்திலிருந்து வரும் சாம்பல் வெளிச்சம் மட்டும்தான்.

நான் ஹியாம். பதின்வயதுப் பிள்ளைகளுக்கான பகுதியில் இருபத்தாறு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன்.

நனைந்த பையோடு மேஜை முன்னால் வந்து நின்றாள். பதிமூன்று வயது இருக்கும். கண் மட்டும் பெரிசு.

"மிஸ், மந்திரம் இருக்கணும். காதல் இருக்கவே கூடாது. அப்புறம் நாய் சாகக் கூடாது."

"நாய் செத்தா என்ன?"

"போன புத்தகத்துல செத்துப்போச்சு மிஸ். ரெண்டு நாள் சோறு இறங்கல."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். புதுப் பிள்ளை வந்தால் நான் மூன்று கேள்வி கேட்பது வழக்கம். எந்தப் புத்தகத்தைத் தூங்காமல் படித்தாய், எதைப் பாதியில் விட்டெறிந்தாய், யாருக்காக அழுதாய். அந்தப் பதில்களை வைத்துத்தான் புத்தகம் எடுத்துக் கொடுப்பேன். அன்றைக்கு முதுகுவலி உயிரை வாங்கியது. கேள்வியாவது கழுதையாவது என்றிருந்தது. "அந்தத் தட்டுல என் சிபாரிசு எல்லாம் இருக்கு. பிடிச்சதை எடுத்துக்கிட்டு வாம்மா" என்று கையைக் காட்டினேன்.

அந்தத் தட்டில் ஒவ்வொரு புத்தகத்துக்குக் கீழேயும் என் கையெழுத்தில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்கும். இதை ஏன் படிக்க வேண்டும் என்று இரண்டு வரி. கீழே என் பெயர். பிள்ளைகள் அந்த அட்டையை நம்பித்தான் எடுப்பார்கள். என் பெயரை நம்பி.

லமீஸ் இரண்டு புத்தகங்களோடு வந்தாள். டார்ச் வெளிச்சத்தில் தேதி முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். அட்டைப்படத்தைப் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் திருப்பிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தபோதுதான் பார்த்தேன்.

உப்புக் கோட்டை. முதல் பாகம். இரண்டாம் பாகம்.

அந்த இரண்டையும் அதற்கு ஆறு வருடம் முன்னாலேயே என் கையால் 'நீக்கப்பட்டது' என்று முத்திரை போட்டுக் கழிவுப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. போய்ப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. உள்ளே அந்த இரண்டு புத்தகம் இருந்த இடம் மட்டும் காலி, தூசியில் இரண்டு கட்டம்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சூனியக்காரன் ஒரு சிறுவனின் பெயரைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறான். பெயர் போனவன் நாளுக்கு நாள் மங்கிப்போகிறான். பெயரைத் திரும்ப வாங்க அவன் அக்கா உப்புப் பாலைவனம் தாண்டிப் போகிறாள். இரண்டாம் பாகத்தின் கடைசி வரியில் கோட்டைக் கதவின் மேல் கை வைக்கிறாள். அவ்வளவுதான். எழுதினவர் வெளிநாட்டுக்குப் போய்விட்டார், பதிப்பகம் மூடிவிட்டது. மூன்றாம் பாகம் வரவே இல்லை.

கடைசிப் பாகம் கையில் இல்லாத தொடரைப் பிள்ளைக்குக் கொடுக்காதே. எங்கள் தொழிலில் இது பாலபாடம். அவற்றைப் பூட்டுவதற்கு ஒரு வருடம் முன்னால் நான் அதை மீறினேன். ஜுமானாவுக்குக் கொடுத்தேன்.

ஜுமானாவுக்கும் பதிமூன்றுதான். ரத்தத்தில் ஏதோ நோய். வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, மிச்ச நாள் எங்கள் ஜன்னல் ஓரம். நீலக் கம்பளித் தொப்பியைக் கழற்றவே மாட்டாள். "மூணாவது எப்போ மிஸ்?" என்று கேட்டபோது எனக்கு விஷயம் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? "அடுத்த மாசம் வந்துரும்மா" என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். பதினோரு மாதம் சொன்னேன். பிப்ரவரியில் அவள் போய்விட்டாள். கடைசி நாள் காலையில்கூட, நூலகத்து மிஸ் போன் பண்ணினாங்களா என்று கேட்டாளாம். அவள் அம்மா அழுதுகொண்டே சொன்னாள். நான் பாவி, நின்று கேட்டுக்கொண்டேன்.

அதனால் லமீஸிடம் இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன். "இதோ பாரும்மா, இதுக்கு மூணாவது பாகம் கிடையாது. எழுதவே இல்ல. என் தப்பு. வேற நல்ல கதையா தர்றேன்."

லமீஸ் சிரித்தாள்.

"இருக்கு மிஸ். அடுத்த மாசம் வந்துரும்."

"யாரு சொன்னா?"

"அதோ, ஜன்னல்கிட்ட உக்காந்திருக்காளே. நீங்கதான் சொன்னீங்களாம்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் ஓரத்தில் யாரும் இல்லை. மழைத்தண்ணீர் கண்ணாடியில் வழிந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து லமீஸ் தினமும் வந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பிறகு பள்ளிக்கூடத்துக்கே போகாமல் வந்தாள். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அதே இரண்டு புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். வாங்கி வைத்தாலும் மறுநாள் அவள் மடியில் இருக்கும். நான் போய் வலியப் பேச்சுக் கொடுத்தேன், டிராகன் கதை, கடற்கொள்ளைக் கதை, நாய் சாகாத கதை என்று பத்துப் புத்தகம் அடுக்கினேன். ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

எங்கள் வாசல் காவல்காரர் அபூ ஸுஹைல் சும்மா இருப்பாரா? காப்பியை வைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன மேடம், அந்தப் பொண்ணுக்கு நீங்க சூனியம் ஏதும் வச்சுட்டீங்களா? தனியா பேசுது, தனியா சிரிக்குது."

"உம்ம வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரும்யா."

"நான் ஏன் பேசப்போறேன். ஆனா அந்த மூலையில என்னமோ ஆஸ்பத்திரி வாடை அடிக்குது. பெருக்கப் போனா முடியெல்லாம் நட்டுக்குது. இனிமே அங்க நீங்களே பெருக்கிக்கோங்க."

ஜனவரி முடிவில் லமீஸின் அம்மா வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. மகள் சாப்பிடுவதில்லை, எடை பாதியாகிவிட்டது, பரிசோதனை செய்தால் ரத்தம் குறைந்துகொண்டே போகிறது, ஏன் என்று டாக்டர்களுக்குப் புரியவில்லை.

"வீட்டுல அடைச்சு வச்சா சுவத்தைப் பிறாண்டுறா. இங்க வந்தாத்தான் அடங்குறா. ராத்திரி பூரா 'அடுத்த மாசம், அடுத்த மாசம்'னு உளறுறா. அடுத்த மாசம் என்ன மிஸ்?"

அடுத்த மாதம் பிப்ரவரி. ஜுமானா போன மாதம். ஒன்றும் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன். அன்றைக்கும் ஒரு பொய்.

பிப்ரவரி மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. மூன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது. நாலு மணியாகியும் ஜெனரேட்டர் வரவில்லை. திட்டிக்கொண்டே அபூ ஸுஹைல் குடையோடு இறங்கிப் போனார். நூலகத்தில் நானும் லமீஸும் மட்டும். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. அலமாரிகளுக்கு நடுவில் முகம் தெரியாத அளவுக்கு இருள்.

பக்கம் திருப்பும் சத்தம் கேட்டது.

கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. அது வேறு கை. முதல் கை வேகமாகத் திருப்பியது. இரண்டாவது கை மெதுவாக, விரலை நக்கி நக்கித் திருப்பியது. ஜுமானா அப்படித்தான் திருப்புவாள். புத்தகம் அசிங்கமாகுது என்று நான் எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறேன்.

எழுந்தேன். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது, மறைக்கவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பது என் பெயரை நம்பிப் புத்தகம் எடுத்த பிள்ளை.

ஸ்பிரிட் வாடை. அதோடு நனைந்த கம்பளி வாடை.

லமீஸ் ஜன்னல் ஓர நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தாள். கண் பாதி திறந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. பக்கத்து நாற்காலி காலி. புத்தகம் இரண்டு நாற்காலிக்கும் நடுவில் அந்தரத்தில் விரிந்து நின்றது.

அதைத் தாங்க எதுவும் இல்லை.

"வந்துருச்சா மிஸ்?"

லமீஸின் வாய்தான் அசைந்தது. குரல் இரண்டு.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஜுமானா," என்றேன். ஆறு வருடத்தில் அந்தப் பெயரை ஒரு தடவைகூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. "வரலம்மா. வராது. அந்த ஆளு எழுதவே இல்ல. எனக்கு அப்பவே தெரியும். உன் மூஞ்சியைப் பாத்துச் சொல்ல மனசு வரல. பதினோரு மாசம் பொய் சொன்னேன்."

பக்கம் திருப்பும் சத்தம் நின்றது.

"அப்போ நான் எதுக்கு மிஸ் காத்துக்கிட்டு இருந்தேன்?"

இந்தத் தடவை லமீஸின் வாய் அசையவில்லை.

குரல் என் காதோரம் கேட்டது.

லமீஸின் கையைப் பிடித்தேன். பனிக்கட்டி. மூக்கருகில் விரலை வைத்தேன். மூச்சு இல்லை. கன்னத்தில் தட்டினேன், உலுக்கினேன், கத்தினேன். மாடியிலிருந்து கத்தினால் மழையில் யாருக்குக் கேட்கும்? அவள் விரல்கள் ஒவ்வொன்றாக என் கையிலிருந்து நழுவின. யாரோ அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாக இழுத்தார்கள்.

"விடு அவளை! நான் சொல்றேன்! மிச்சக் கதையை நான் சொல்றேன், கேளு!"

இழுப்பு நின்றது.

எனக்குக் கதை எழுதத் தெரியாது. அடுத்தவர் எழுதியதை எடுத்துக் கொடுக்கத்தான் தெரியும். ஆனாலும் வாயைத் திறந்தேன். அக்கா கோட்டைக் கதவைத் தள்ளினாள் என்றேன். உள்ளே ஆயிரம் ஜாடிகள் என்றேன். ஒவ்வொரு ஜாடியிலும் ஒரு பெயர். தம்பியின் பெயர் எந்த ஜாடியில் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகத் திறந்தாள் என்றேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். நாக்கு வறண்டது. எட்டாவது ஜாடியில் இருக்கும்போது லமீஸின் நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கியது. பத்தாவது ஜாடியில் இருமினாள்.

கீழே ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது.

"மிஸ், பசிக்குது," என்றாள் லமீஸ். "நான் எப்ப இங்க வந்தேன்?"

அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே கழுத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது.

"மிச்சம் நாளைக்கா மிஸ்?"

"நாளைக்கும்மா," என்றேன். வேறென்ன சொல்வது?

இது நடந்து ஐந்து வருடமாகிறது. லமீஸுக்கு அந்தக் குளிர்காலமே நினைவில் இல்லை. ரத்தம் ஊறியது, உடம்பு தேறியது, இப்போது பெய்ரூட்டில் கல்லூரியில் படிக்கிறாள். நான் தினமும் ஒரு பக்கம் எழுதுகிறேன். சாயங்காலம் பூட்டும் முன் ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் போவேன். காலையில் பக்கத்தின் ஓரம் நனைந்திருக்கும். விடுமுறை நாளிலும் அபூ ஸுஹைலிடம் சாவி வாங்கி வந்து வைப்பேன். "வீட்டுல உங்களுக்கு வேலையே இல்லையா மேடம்?" என்பார். இரண்டு தடவை 'முற்றும்' என்று போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் அந்தச் சொல் மட்டும் ஈர விரலால் தேய்த்து அழிக்கப்பட்டிருந்தது. ஓய்வு பெறும் வயது வந்தும் கெஞ்சிக் கூத்தாடி இந்த வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறேன். அக்கா இன்னும் ஜாடிதான் திறந்துகொண்டிருக்கிறாள். எனக்கு அலுத்துவிட்டது. எலும்பு வரைக்கும் அலுத்துவிட்டது.

போன வாரம் நெஞ்சுச் சளி கட்டிப் படுத்துவிட்டேன். காய்ச்சலில் எழுந்திருக்கவே முடியவில்லை. மூன்று நாள் போயிற்று. வயதான உடம்பு, அவளும் புரிந்துகொள்வாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை போன் அடித்தது. லமீஸ்.

"மிஸ், உடம்புக்கு முடியலையாமே? இப்பத் தேவலையா?"

"பரவால்லம்மா. யாரு சொன்னா உனக்கு?"

"இங்க எங்க காலேஜ் லைப்ரரில நம்ம சைதாப் பொண்ணு ஒருத்தி மிஸ். மூணு நாளா என் பக்கத்துலயேதான் உக்காருறா. உங்களை நல்லாத் தெரியுமாம். பாவம் மிஸ், ரொம்ப ஒல்லி, இருமல் வேற. இந்த வெயில்லயும் தொப்பியைக் கழட்ட மாட்டேங்குறா." சிரித்தாள். சிரிப்புக்கு நடுவே மூச்சு வாங்கியது. "எனக்கும் ரெண்டு நாளா ஒரே அசதி. சாப்பாடே பிடிக்கல. அவகிட்ட ஊருக்குப் போகலையான்னு கேட்டேன் மிஸ். 'அவசரம் இல்ல, மிஸ் எழுதி முடிக்கிற வரைக்கும் உன்கூடவே இருக்கேன்'னு சொல்றா. நீங்க என்ன மிஸ் எழுதுறீங்க?"