ஓடுபாதை ஓரத்தில் நின்றவன்

படம் மாறியது. அவன் நகரவில்லை.

கவிப்பிரியா போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். பின்லாந்தில், அவள் வாயில் இன்றுவரை நுழையாத பெயர் கொண்ட ஓர் ஊரில், சின்னதாக ஒரு விமான நிலையம். வானிலை பார்ப்பவர்களுக்காக அங்கே ஓடுபாதை ஓரத்தில் ஒரு கேமரா வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு படம் இணையத்தில் வந்து விழும். அங்கே பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற அவள் புருஷன் நவநீதன், மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கேமராவுக்கு முன்னால் வந்து கையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். ஒரே ஒரு படத்துக்குத்தான். பாப்பாரப்பட்டியில் அப்போது சாயங்கால டீ நேரம். வீடியோ காலில் எவ்வளவு பேசினாலும், வேலைக்கு நடுவில் தனக்காக ஒருத்தன் பனியில் வந்து நிற்கிறானே, அந்தச் சுகம் வேறு.

ஒரு படத்தில் வருவான், அடுத்ததில் இருக்க மாட்டான். இன்று அடுத்ததிலும் இருந்தான். அதற்கடுத்ததிலும் இருந்தான். மஞ்சள் கோட்டு, தலையை மூடிய தொப்பி, தூக்கிய கை தூக்கியபடி.

கை வலிக்காதா இந்த மனுஷனுக்கு என்று முதலில் சிரிப்புதான் வந்தது.

அந்த விமான நிலையத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் நவநீதனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஊரில் ஜேசிபி ஓட்டிக்கொண்டிருந்தவன், ஏற்கெனவே அங்கே வேலையிலிருந்த தர்மபுரிச் சிநேகிதன் ஷாருக் கூப்பிட்டுப் போன பிறகு, மாமனார் சீதனமாகக் கொடுத்ததுபோல அதைச் சொந்தம் கொண்டாடினான். முதலில் காட்டை வெட்டிப் புல்தரையாக விட்டிருந்தார்களாம். சண்டைக் காலத்தில் ராணுவ விமானங்கள் வந்து இறங்கினவாம். அப்புறம் தார் போட்டார்கள், விளக்கு நட்டார்கள், கண்ணாடிக் கட்டடம் எழுப்பினார்கள். பெரிய விமானம் வரும், ஊர் பெரிதாகும் என்று ஓடுபாதையை நீட்டிக்கொண்டே போனார்கள், காடும் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. கடைசியாக நீட்டியபோது குறுக்கே ஒரு வீடு இருந்திருக்கிறது. அதில் ஒண்டியாக ஒருத்தன். போக மாட்டேன் என்று நின்றிருக்கிறான்.

“அப்புறம் ஒரு குளிர்காலத்துல ஆளே காணாமப் போயிட்டானாம் கவி. வூட்ட இடிச்சு அது மேலயே ரன்வே போட்டுட்டாங்க. இப்பப் பாரு, ஒரு நாளைக்கு ஒரு பிளைட்டு வர்றதே பெரும்பாடு,” என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தான். அவளுக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

டீ ஆறி ஆடை கட்டியது. அவள் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. கீழே சந்தை முடிந்து தக்காளிக் கூடைகளை வண்டியில் எறிகிற சத்தமும், பென்னாகரம் பஸ்ஸின் நீண்ட ஹாரனும், யார் வீட்டிலோ மிளகாய் வறுக்கிற நெடியும் எப்போதும்போல மாடிக்கு ஏறி வந்துகொண்டிருந்தன. கீழ்வீட்டு ஜானகியம்மாள் பொம்மிடியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாள். படிக்கட்டு விளக்கைப் போடக்கூட ஆள் இல்லை.

படம் மாறியது. அங்கே பொழுது சாய்ந்துவிட்டது. நடுப்பகல் தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே இருட்டிவிடுகிற ஊர் அது. ஓடுபாதை விளக்குகளின் நீல வெளிச்சத்தில் அவன் முன்பைவிடக் கேமராவுக்குக் கிட்டே நின்றான். தோள்மேல் பனி குவிந்திருந்தது. தூக்கிய கையின் மேலும் பனி, மதில்மேல் படிந்ததுபோல, உதறாமல் கிடந்தது. தொப்பிக்குள் முகம் தெரியவில்லை. அந்த இடம் வெறும் கறுப்பாக இருந்தது.

“ஏங்க, போங்க உள்ள,” என்று படத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள். “வெறச்சுப் போயிருவீங்க. போங்களேன்!”

விமான நிலையத்தின் எண்ணைத் தேடிப் பிடித்துப் போட்டாள். ஒரு பெண் குரல் புரியாத மொழியில் என்னவோ சொன்னது, பாட்டு வந்தது, மறுபடி அதே குரல் வந்தது. “என் வூட்டுக்காரரு வெளிய நிக்கறாருங்க, யாராச்சும் போய்ப் பாருங்க,” என்று அந்தப் பதிவுக் குரலிடம் கெஞ்சினாள். கெஞ்சும்போதே அது மனுஷி இல்லை என்று தெரிந்திருந்தது.

ஷாருக் ஏழெட்டுத் தடவைக்குப் பிறகுதான் எடுத்தான். அவனுக்கு மூச்சு வாங்கியது.

“அண்ணி, நானே கூப்புடலாம்னு இருந்தன். இன்னிக்கு எனக்கு லீவு, டவுன்ல இருக்கன். ஏர்போர்ட்ல பனி வண்டி ஒண்ணு கவுந்துருச்சாம், ரன்வே கடைசில. ஒருத்தரு போயிட்டாருங்கறாங்க. யாருன்னு சொல்ல மாட்டேங்கறாங்க அண்ணி.”

“உங்க அண்ணனுக்கு ஒண்ணும் ஆவல ஷாருக். அங்கதான் நிக்கறாரு. கேமராவுல பாத்துட்டேதான் இருக்கறன். போய் உள்ள கூட்டியாரச் சொல்லு.”



“ரன்வேல யாரும் இல்லீங்க அண்ணி. மத்தியானமே எல்லாத்தயும் வெளிய அனுப்பிட்டாங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டுக் கூப்புடறன்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். யாரும் இல்லாத இடத்தில் அவன் நிற்கிறான். உதறாமல், அசையாமல். அப்படியென்றால் எல்லாம் முடிந்தே போய்விட்டது.

அவள் அப்பா லாரியோடு தொப்பூர் கணவாயில் விழுந்தபோது அம்மா செய்தது நினைவுக்கு வந்தது. வெளியூரில் திடுமென்று போகிறவர்களுக்குத் தாம் போனது தெரியாதாம். விழுந்த இடத்திலேயே வழி தெரியாமல் நிற்பார்களாம். சொந்தக்காரர் யாராவது போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். கூப்பிட்ட பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசல் கதவைச் சாத்தக் கூடாது. வந்தவர் குடிக்கச் செம்பில் தண்ணீர் வைக்கவேண்டும். அம்மா அப்படித்தான் ரோட்டோரத்தில் நின்று கூப்பிட்டாள், வழி நெடுகத் திரும்பிப் பார்க்காமல் வந்தாள்.

இவள் எந்த ரோட்டுக்குப் போவாள்? பாஸ்போர்ட்கூடக் கிடையாது. இருப்பது ஒரு படம். அந்தக் குளிரில் அவனை நிற்க விட்டுவிட்டு இங்கே அழுதுகொண்டிருக்க அவளால் முடியவில்லை.

கதவை விரியத் திறந்து வைத்தாள். சுவரோரம் விளக்கேற்றி, பக்கத்தில் செம்புத் தண்ணீரும் அவனுடைய பழைய லுங்கியும் வைத்தாள். வாசற்படியில் நின்று போனைக் கையில் ஏந்திக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சொல்லாத பெயரைச் சொன்னாள்.

“நவநீதா... வா, வூட்டுக்குப் போலாம். அங்க நிக்காத. இது உன் வூடு. வா.”

மூன்று தடவை. மூன்றாவது தடவை குரல் உடைந்து அலறலாக வந்தது. பிறகு திரும்பிப் பார்க்காமல் உள்ளே வந்து, வாசலுக்கு முதுகு காட்டி, விளக்கின் முன் உட்கார்ந்தாள்.

படம் மாறியது. அவன் இல்லை. பனியில் கால் தடம் மட்டும் கேமராவை நோக்கி வந்து, அதற்கு நேர் கீழே முடிந்திருந்தது.

கிளம்பிவிட்டான். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். எவ்வளவு நேரம் அழுதாளோ, தெருச் சத்தம் அடங்கிவிட்டிருந்தது. பிடரியில் குளிர் ஏறியது. மார்கழிக் குளிர் என்று நினைத்தாள். மரம் அறுக்கும் பட்டறையில் அடிக்குமே, பச்சை மரப் பிசின் வாசனை, அது எங்கிருந்தோ வந்தது.

போன் அடித்தது. ஷாருக்கின் எண். ஸ்பீக்கரில் போட்டாள்.

“கவி.”

அவள் போனை அள்ளி எடுத்தாள்.

“கவி, நான்தான். அழுவாத. நல்லாத்தான் இருக்கறன், கால்ல மட்டும் கட்டு. போனு நசுங்கிப் போச்சு. பக்கத்துல இருந்தவருதான் பாவம்... கவி? கேக்குதா?”

“ஏங்க...” என்றாள். உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. சிரித்தாள், அழுதாள், இரண்டும் கலந்து வந்தது. “கேமரா முன்னாடி நின்னீங்களே. மத்தியானத்துல இருந்து நின்னுட்டே இருந்தீங்களே.”

“நானா? காலைல வண்டில ஏறினவன் எறங்கவே இல்லையே. இன்னிக்குக் கேமராகிட்ட வரவே இல்ல கவி.”

விளக்குச் சுடர் ஒடுங்கியது.

வாசனை இப்போது அறைக்குள் இருந்தது. மிகக் கிட்டே.

“கவி, பக்கத்துல யாரு?”

“யாரும் இல்லீங்க.”

“மூச்சு வுடற சத்தம் கேக்குதே.”

அவளுக்கும் கேட்டது. மெதுவான, கரகரத்த மூச்சு. முதுகுக்குப் பின்னால். எப்போதிலிருந்து? அவள் அழ ஆரம்பித்ததிலிருந்தா?

திரும்பக் கூடாது. திரும்ப முடியவில்லை.

“யாரு அது?” நவநீதனின் குரல் போனில் உயர்ந்தது. “கவி, யாரு உள்ள வந்திருக்கறது?”

“கவி,” என்று பின்னாலிருந்து வந்தது. அதே குரல். அவனுடைய குரல். “வந்துட்டன்.”

போனில் நவநீதன் கத்தினான். “அது நான் இல்ல! கவி, வெளிய ஓடு! வெளிய ஓடு கவி!”

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. மஞ்சள் இல்லை. பழைய, கனத்த, மக்கிய கம்பளித் துணி. விரல்கள் நுனிவரை கறுத்திருந்தன. செம்பை எடுத்தன. பித்தளையின் மேல் வெள்ளையாகப் பனி பூத்தது.

குடித்தது. மடக் மடக் என்று. வெகு நாள் தாகம். வீட்டை விட்டுப் போக மாட்டேன் என்று நின்றவனின் தாகம்.

செம்பைப் பார்த்து, பதமாக, எடுத்த இடத்திலேயே வைத்தது. பிறகு ஈரக் காலடிகள் அவளை விட்டு வாசல் பக்கம் நடந்தன. போய்விடுகிறது. போய்விடு. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து. வேலைவிட்டு வந்த புருஷன் ராத்திரி போடுவதுபோல, நிதானமாக, தாழ்ப்பாள் விழுந்தது.

காலடிகள் திரும்பி வந்தன.