தானே சூடேறிய சௌனா

“எனக்குப் புத்தி பிசகலன்னு நீங்க நிரூபிக்கணும். யாரு செய்றாங்கன்னு எனக்குத் தெரிய வேண்டாம்” என்றாள் ஹில்மா, கோட்டைக்கூடக் கழற்றாமல்.

துப்பறியும் சிர்கா காபியை அவள் பக்கம் நகர்த்தினாள். உதவியாளன் ஒன்னி காதைத் தீட்டிக்கொண்டான்.

ஹில்மாவின் கணவர் அர்மாஸ் போன மாதம் இறந்துவிட்டார். புதுக் கருவி என்றால் மனிதருக்குத் தலைகால் புரியாது. பேருந்தில் வரும்போதே கைபேசியால் மூட்டலாம் என்று, சௌனா என்னும் நீராவிக் குளியலறைக்கு ஒரு மின்னடுப்பு வாங்கி, வைஃபையில் இணைத்தவர் அவர்தான். ஒன்னிக்கும் அப்படி ஒன்று வாங்க ஆசை உண்டு. இப்போதோ சனிதோறும் ஹில்மா பாட்டுக் குழுவிலிருந்து திரும்பினால் சௌனா கொதிக்கிறது. அடுப்புக்கு மேலே கொடியில் உலரப் போட்ட துணிகள், அர்மாஸ் மடிப்பது போலவே மடித்துப் பலகைமேல் இருக்கின்றன. அவளே மூட்டிவிட்டு மறந்துபோகிறாள் என்கிறான் மகன் ஹன்னு. திங்களன்று மருத்துவரும் அதை நம்பிவிட்டால் அவளுக்கு முதியோர் இல்லம்தான். வீடு விலைக்குப் போய்விடும்.

அந்தச் சனிக்கிழமை காலை, ஹில்மா வீட்டுச் சௌனாவில் ஒன்னியின் குரல் தானாகத் தணிந்தது. யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி இருந்தது அவனுக்கு.

“மேடம், வைஃபை பெட்டிக்கு அடியில அச்சடிச்ச கடவுச்சொல்லை மாத்தவே இல்ல. தெருவுல நின்னே எவன் வேணா பத்தவைக்கலாம்!”

“துணிய எவன் மடிச்சான்? வைஃபைக்குக் கை இருக்கா?” சிர்கா அடுப்பிலிருந்த சிறு பொத்தானைக் காட்டினாள். “தீப்பிடிக்கக் கூடாதுன்னு இது. ஒவ்வொரு தடவையும் யாராவது உள்ள வந்து இத அமுக்கிக் கதவச் சாத்துனாத்தான் கைபேசி சொல்றத அடுப்பு கேக்கும்.”

மதியம் ஹன்னு வழக்கம்போல் காபிக்கு வந்தான். “அப்பா போனதுலேருந்து நான் சௌனா பக்கமே போகல” என்றான்.

“அடுப்போட நினைவகத்தப் பாத்தேன்” என்றாள் சிர்கா. “மூட்டினது எல்லாமே உங்கம்மா பாட்டுக் குழுவுல இருந்த நேரம், அதுவும் கைபேசி வழியா. அவங்ககிட்ட இருக்கறது பழைய பொத்தான் போன். தெருவுல போறவன்கிட்ட வீட்டுச் சாவி இல்ல. அந்த மாதிரி கைபேசி, சாவி ரெண்டும் இருக்கறது உங்ககிட்டதான். துணி எரிஞ்சா வீடும் போயிடும், அப்புறம் எத விக்கறது? அதான் எடுத்து மடிச்சீங்க. ஆனா நம்ம நாட்டுல ஆம்பளைங்க எல்லாரும் பட்டாளத்துக்குப் போய் வந்தவங்க; அங்க பழகின கை, ஓரத்தோட ஓரம் சேத்துச் சதுரமா மடிச்சிடுச்சு. உங்கப்பாவும் அங்க கத்துக்கிட்டதுதானே?”

ஹன்னு அம்மாவின் பக்கம் திரும்பினான். “பயந்து நீயே கிளம்பிடுவேன்னு நெனச்சேன்மா…”

“பயமா?” என்றாள் ஹில்மா. “ஒவ்வொரு சனியும் உள்ள போய் உக்காந்தேன்டா. அவரு உக்கார்ற எடத்த விட்டுட்டு. ஆவி வர அடுப்புக் கல்லுல தண்ணி ஊத்தறப்பல்லாம், ‘சூடு போதுமா’ன்னு அவருகிட்ட கேட்டேன்.”

இனி எந்த மருத்துவரும் அவளை அந்த வீட்டிலிருந்து கிளப்ப முடியாது. ஆனாலும் ஒன்னி, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று முதல்முறையாக நினைத்தான்.

“அவர ரெண்டாந்தடவ சாகடிச்சுட்டியேடா” என்றாள் ஹில்மா. “சாவிய வச்சுட்டுப் போ.”