இளஞ்சூடும் சுடும்

சித்தூரில் மழை... திருப்பதி பஸ்ஸில் ஒரே ஒரு காலி இடம். அதில் ஒரு தெர்மாகோல் பெட்டி அமர்ந்திருந்தது.

"பொட்டிக்கு டிக்கெட் எடுத்தீங்களா மேடம்?"

அம்சவேணி நிமிர்ந்தாள். ஓர் இளைஞன்... நனைந்த இமைகள்... சிரிக்கும் கண்கள்...

"நான் ஆராய்ச்சியாளர். உள்ளே ஐஸ்ல மருந்து இருக்கு."

"மருந்து மடியில வரட்டும், நான் நின்னுக்கினு வர முடியாது."

பெட்டி அவள் மடிக்கு ஏறியது; அவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் அதே கண்கள் அவள் ஆய்வுக்கூடத்தில்! புது டெக்னீஷியனாம். திலீப், நகரிக்காரன்.

காயத்தில் சுரக்கும் 'பிராடிகைனின்' என்ற ரசாயனம் வலி நரம்பைத் தொடும். நரம்புக்குள் இருக்கும் கைனேஸ் என்சைம் அந்த வலியை ஊதிப் பெரிதாக்கும். அப்புறம் இளஞ்சூடுகூட நெருப்பாய்ச் சுடும். இதை மூன்று கருத்தரங்குகளில் முழங்கி மூன்று பொன்னாடை வாங்கியவள் அம்சவேணி. பெட்டியில் வந்தது அந்த என்சைமை அடக்கும் மருந்து. நரம்புச் செல்கள் வளரும் கண்ணாடி டிஷ்களில் எதில் அதை விட்டான் என்பது திலீப்புக்கு மட்டும் தெரியும். அது தெரியாமல் கொதிக்கும் செல்களை எண்ணினால்தான் அவள் கணக்கு செல்லும்.

ஆனால் அவன் அவளிடம் பேசுவதே இல்லை! டிஷ்ஷை வைப்பான், தலை குனிவான், போய்விடுவான். பக்கத்து மேசை ஷோபாவிடம் மட்டும் ஓயாத அரட்டை...

ஷோபா களுக்கென்று சிரித்தாள். அம்சவேணிக்கு நெஞ்சு எரிந்தது. அசிடிட்டி என்று முடிவு செய்து மாத்திரை விழுங்கினாள் ஆராய்ச்சியாளர்.

மூன்றாம் வாரம் மாத்திரை தீர்ந்தது.

"நாளையிலேர்ந்து ஷோபாவே டிஷ் வைக்கட்டும். நீங்க வேணாம்."

"இன்னும் ரெண்டே டிஷ் மேடம்... எண்ணிடுங்க."

விறைப்பாக எண்ணினாள். எதில் மருந்து என்று எழுதி மடித்து வைத்திருந்த சீட்டை அவன் பிரித்தான். மருந்து விட்ட செல்கள் அமைதி, விடாதவை கொதிப்பு. மூன்று வருட உழைப்பு பலித்தது... அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்ப பேசலாமா மேடம்?"

"ஷோபாகிட்ட போய்ப் பேசுங்க."

"அவங்க என் டிஷ்ஷை எண்ணலையே! உங்க கண்ணப் பாத்தா எதுல மருந்துன்னு ஒளறிடுவேன். அதான் தலைய குனிஞ்சிக்கினு ஓடினேன்."

ஜன்னலில் மழை...

"அந்த மருந்துல எனக்கு ஒரு சொட்டு குடுத்திருக்கலாம்," என்றாள் மெல்ல.

"எதுக்கு?"

"ஷோபா சிரிக்கும்போதெல்லாம்... வலிச்சுது."

திலீப் முதல்முறையாகத் தலை நிமிர்ந்தான்.

"மருந்து வேணாம் அம்சா. எனக்குப் பஸ்ஸுலேர்ந்தே வலிக்குது... இனிமே பொட்டி என் மடியில வரட்டும்."