இழுப்பு

எஞ்சினை நிறுத்தி வெகுநேரமாகியும் காற்றுக்குழாயின் வாயில் போட்டிருந்த கரித்துணி உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டு சங்கையா வேலியைப் பார்த்தான். உடைமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை. பாலவனத்தம் ஊரை ஒட்டிய அந்தக் கரிசல் முழுக்க வெயில் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. துணியைப் பிடுங்கித் தரையில் வீசினான். அவனுக்கிருந்த எரிச்சலில் துணியோடு மல்லுக்கட்ட நேரமில்லை.

எரிச்சலுக்குக் காரணம் கொட்டகைக்குள் நின்ற போர் லாரி. பூமியில் துளை போடுகிற அந்த வண்டியின் முதுகில், கம்ப்ரசரை ஓட்டுவதற்கென்று தனியாக ஓர் எஞ்சின் இருந்தது. முந்நூறு அடிவரை ராஜா மாதிரி இறங்கும். அதற்குக் கீழே பாறை வந்தால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு முக்கும். தொண்ணூறுகளில் திருச்சுழிப் பக்கம் முந்நூறு அடியில் யாருக்குத் தண்ணீர் கிடைத்தது? காரியாபட்டியிலிருந்து வந்த புது வண்டிகள் அறுநூறைத் தொட்டுவிட்டுப் போக, இவன் வண்டி அடைகாக்கிற கோழி மாதிரி கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தது.

வண்டி ஓடினால்தான் டவுனில் ஒரு வீடு பார்க்க முடியும். டவுனுக்குப் போனால்தான் மாயக்காள் பிழைப்பாள். அவன் மனைவிக்கு இழுப்பு. பாறைத்தூளும் டீசல் புகையும் ஆகவே ஆகாது, இடத்தை மாற்று என்று அருப்புக்கோட்டை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் கொட்டகைக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். முதலில் தொண்டையில் மெல்லிய விசில், நடுவில் ஒரு சிக்கல், பிறகு நீளமாக ஒரு கரகரப்பு. கேட்கப் பாவமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கோபம் வரும். கோபப்பட்டதற்காகத் தன் மேலேயே ஆத்திரம் வரும்.

எஞ்சினில் டர்போ ஏற்கெனவே மாட்டியிருந்தான். வெளியேறுகிற புகையின் வேகத்தில் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிற சாமான் அது. எஞ்சின் வேகம் பிடித்தால்தான் டர்போ சுற்றும். டர்போ சுற்றினால்தான் எஞ்சின் வேகம் பிடிக்கும். பாறையில் முக்குகிற நேரத்தில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும். அதற்காகத்தான் கூட்டாளி மெக்கானிக் சின்னத்துரை, மதுரையில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சூப்பர்சார்ஜரைத் தூக்கிவந்தான். அது பெல்ட்டில் ஓடுவது. எஞ்சின் அசைந்த நொடியே காற்றை அள்ளிக் கொடுக்கும். முதலில் அது, வேகம் வந்ததும் டர்போ. சொல்லச் சுலபம்தான். பெல்ட் அறுந்தது. ஹோஸ் வெடித்தது. மறுபடி மாட்டினால் வேறெங்கோ காற்று ஒழுகியது. சங்கையாவுக்குச் சாமான்களைத் தூக்கிக் கண்மாயில் எறியலாம் போலிருந்தது.

அன்று எல்லாவற்றையும் இறுக்கி முடித்து, சின்னத்துரை சூடம் கொளுத்தினான்.

“இன்னைக்கும் இழுக்கலைன்னா கடப்பாரைய எடுத்து உடைச்சிருவேன் பாத்துக்க” என்றான் சங்கையா.

“ஏலே, மதினிக்கு இருக்குற இழுப்புல பாதி இதுக்கு இருந்தாப் போதும்லே” என்று சின்னத்துரை சூடத்தட்டை எஞ்சினுக்குச் சுற்றினான். “சாமி, அந்த இழுப்ப இதுக்கு மாத்தி விட்ருப்பா!”

சங்கையாவும் சிரித்துக்கொண்டே கும்பிட்டான்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. கம்ப்ரசர் வால்வை மூடி முழு லோடையும் அதன் தலையில் ஏற்றினான். முக்கவில்லை. புகையில்லை. சூப்பர்சார்ஜரின் ஊளை மெல்ல எழ, அதை வாங்கிக்கொண்டு டர்போவின் சீறல் கிளம்ப, கொட்டகைத் தகரமெல்லாம் நடுங்கியது. சின்னத்துரை துண்டைச் சுழற்றி ஆடினான். சந்தோஷத்தில், வெயில் தாழும்வரை அதை ஓடவிட்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மோர்ச் செம்போடு மாயக்காள் வந்தாள்.

“நெஞ்சு இம்புட்டு லேசா இருந்து எத்தன வருசமாச்சுங்க வாசலத் தூத்துட்டேன் நாலு கொடம் தண்ணி செமந்துட்டேன் துணியெல்லாம் தொவச்சிட்டேன் ஒரு அலுப்புந் தெரியல சோறும் வடிச்சிட்டேன் வாங்க சாப்புட.”

சங்கையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செம்பை வாங்கி வாயில் வைத்த பிறகுதான் உறைத்தது. இத்தனையும் பேச அவள் நடுவில் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. சேலைக்குள் அவள் நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை.

அப்போது எஞ்சின் சத்தம் அவனுக்குப் புரிந்தது. உள்ளே போகும் காற்றில் மெல்லிய விசில். நடுவில் ஒரு சிக்கல். பிறகு நீளமாக ஒரு கரகரப்பு. வருடக்கணக்காகச் சுவர்வழியே கேட்டுக் கேட்டுச் சலித்த சத்தம்.

டீசலை மூடினான்.

எஞ்சின் நிற்கவில்லை. வேகம்தான் ஏறியது.

“டீசல் இல்லைன்னதும் டர்போ வழியா எஞ்சின் ஆயில உறிஞ்சித் திங்குதுலே!” சின்னத்துரை கத்தினான். “வெடிச்சிரும்! காத்த அடை! ஈரச் சாக்கப் போடு!”

தண்ணீர்த் தொட்டியில் கிடந்த சாக்கை உருவிக் காற்றுக்குழாயின் வாயில் வைத்து சங்கையா அழுத்தினான். குழாய் சாக்கை உள்ளே இழுத்தது. எஞ்சின் திணறியது. குலுங்கியது. பின்னால் ஏதோ விழுகிற சத்தம்.

திரும்பினான். மாயக்காள் தரையில் கிடந்தாள். இரண்டு கையும் கழுத்தில். உதடு கறுத்திருந்தது.

“விடாதலே, அமுக்கு! நிக்கப் போகுது!”

சாக்கைப் பிடுங்கினான். எஞ்சின் ஊளையிட்டுக்கொண்டு எழுந்தது. மாயக்காளும் எழுந்து உட்கார்ந்தாள்.

“கிறுக்குப்பயலே!” என்று சின்னத்துரை தானே சாக்கை எடுத்து அடைத்தான். அவள் மறுபடி சாய்ந்தாள். கால்கள் மண்ணை உதைத்தன. சங்கையா ஸ்பானரால் சின்னத்துரையின் கையில் ஓங்கி அடித்தான். சாக்கு விழுந்தது. அவள் எழுந்தாள். சின்னத்துரை அவளைப் பார்த்தான், எஞ்சினைப் பார்த்தான். அடிபட்ட கையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினான். பிறகு ரோட்டைப் பார்த்து ஓடினான்.

“ஆயில் வாங்கிட்டு வாலே! எம்புட்டுக் கெடச்சாலும் வாங்கிட்டு வா!”

கேட்டதா என்று தெரியவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

டீசலைத் திறந்துவிட்டான்; ஆனாலும் ஆயில் தீர்ந்தால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். கொட்டகையில் இருந்த ஆயிலையெல்லாம் ஊற்றினான். புதிது. பழையது. கழித்து வைத்த கசடு. அளவுக் கம்பியை உருவினான். துடைத்து உள்ளே விட்டு மறுபடி உருவினான். நுனியில் மட்டும் ஒரு சொட்டு. அடுப்படிக்கு ஓடி நல்லெண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து கவிழ்த்தான். விளக்கெண்ணெய். தேங்காயெண்ணெய். கை வெந்தது. அழுகை வந்தது. இத்தனை நாள் இழு, இழு என்று இதே எஞ்சினை உதைத்த காலை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

மாயக்காள் அவன் பக்கத்தில் வந்து நின்றாள். கலைந்த முடியைக் கோதி முடிந்துகொண்டாள். சிரித்தாள். நெஞ்சு அசையவில்லை.

“என்னங்க, ஏன் அழு…”

எஞ்சின் சத்தம் இறங்கியது. அவள் வாய் திறந்தபடியே நின்றது. கண்ணும் அப்படியே நின்றது.

எஞ்சின் ஒரு தரம் இருமியது. எதையோ உறிஞ்சியது. பிடித்துக்கொண்டது.

“…வுறீக?” என்றாள்.