தோளில் தேய்த்த தைலம்

காலை பத்து மணி. தையல்காரரின் மனைவி சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. பக்கத்தில் பாதி குடித்த சோடா. முதலில் பார்த்தவள் மாடியில் குடியிருக்கும் நாத்தனார். வீட்டுக் கதவு வெளியே தாழ் போட்டிருந்ததாக இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்.

"விஷம்தான் மேடம். ரெண்டாவது பிரசவத்தோட கருத்தடை ஆபரேஷன் பண்ணினவ, இப்ப முழுகாம இருந்தா. மானம் போயிடும்னு குடிச்சிட்டா."

இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல் வந்தது. செத்தவள்மேல் பழி போடுவது எவ்வளவு சௌகரியம்!

"விஷம் குடிச்சவ வெளியே போய்த் தாழ் போட்டுட்டு வந்து படுத்தாளாம்மா?"



இன்ஸ்பெக்டர் குனிந்து முகர்ந்தார். சோடாவில் வாடை எதுவும் இல்லை. தோளில் தைல நெடி மூக்கைத் துளைத்தது. ஆனால் அங்கே அடிபட்ட தடம் இல்லை. அவள் விரல்களை முகர்ந்தார். சோப்பு வாடை மட்டும்.

செய்தி சொல்ல அவரே தையல் கடைக்குப் போனார். அங்கே ஒரு வாடிக்கையாளர் கத்திக்கொண்டிருந்தார்.

"என்னய்யா, புதுச் சட்டையில ஆஸ்பத்திரி வாடை அடிக்குது?"

விஷயத்தைக் கேட்டதும் தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"நேத்துலேர்ந்து வீட்டுப் பக்கமே போகலை மேடம். அவகூடப் பேச்சுவார்த்தையே இல்லை."

இன்ஸ்பெக்டர் சட்டையை எடுத்து முகர்ந்தார்.

மாலையில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் போன் செய்தார்.

"விஷம் இல்லை. கரு கர்ப்பப்பைக்குப் போகாம குழாயிலேயே தங்கி, குழாய் வெடிச்சிருக்கு. வயிறு முழுக்க ரத்தம்."

"ஆபரேஷன் பண்ணினவளுக்கா?"

"அபூர்வமா தோத்துப்போறது உண்டு. அப்படி உண்டாகுற கரு குழாயில தங்குற ஆபத்தும் அதிகம். உள்ளே ரத்தம் கசிஞ்சா சில பேருக்குத் தோள்பட்டை வலிக்கும். வாய்வுன்னு நினைச்சுச் சோடாவும் தைலமும் கொடுத்திருப்பாங்க. சீக்கிரம் கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பா."

இரவு ஏழு மணி. ஸ்டேஷனில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

"தாழ் போட்டது நீதான்," என்றார் இன்ஸ்பெக்டர் தையல்காரரிடம். "தைலம் அவ தோள்ல இருந்துச்சு, விரல்ல இல்லை. தேய்ச்சுவிட்டது நீ. அந்தக் கையோட போய்த்தான் காலையில சட்டைக்குப் பட்டன் வச்சிருக்கே."

தையல்காரர் உடைந்து போனார்.

"வலியில துடிச்சா மேடம். மனசு கேக்கலை, தேய்ச்சுவிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினா. அங்க போனா கர்ப்பம்னு தெரிஞ்சிடும், ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும். அதான் தாழ் போட்டுட்டு வந்தேன். தெருமுனை திரும்புற வரைக்கும் கதவைத் தட்டிட்டே இருந்தா."

"கர்ப்பத்தைப் பத்தி உன்கிட்ட என்ன சொன்னா?"

"உங்க பிள்ளைதான்னு குழந்தைங்க தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினா."

"ஆபரேஷன் தோத்துப்போச்சுய்யா. அவ சொன்னது நிஜம். நம்பிக்கை இல்லைன்னா சொல்லு, யாரோட கருன்னு பரிசோதனை பண்ணச் சொல்றேன்."

தையல்காரர் கைகூப்பினார்.

"வேணாம் மேடம்."

இன்ஸ்பெக்டருக்கு அவனை அறையத் தோன்றியது. அறைந்து யாரை எழுப்புவது?

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஆபரேஷன் தோத்துச்சுன்னா ஊர்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க மேடம். விஷம்னே இருந்துட்டுப் போகட்டுமே."